பல நாய்கள் உள்ள வீட்டில் தொற்று: தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டாவது, மூன்றாவது நாயைப் புதிதாக வீட்டுக்குக் கொண்டுவந்தவர்கள் என்னிடம் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. ஆரம்ப காலத்தில் நாங்கள் பட்ட அடியை அவர்களும் வரிசை மாறாமல் பட்டுக்கொண்டிருக்கிறார்கள். தடுப்பூசி போடுங்கள், கையைக் கழுவுங்கள் என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதற்குள் போகவில்லை. அக்கறையோடு வளர்ப்பவர்களும் சறுக்கும் இடங்களை மட்டும் சொல்கிறேன்.

மிச்ச மாத்திரையை அடுத்த நாய்க்குக் கொடுப்பது

எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு எரிச்சல் அடங்காத தவறு இது.

தெரிந்தவர் ஒருவர் வீட்டில் நான்கு நாய்கள். ஒரு பெட்டை நாய்க்கு அடிவயிற்றில் சின்னச் சின்னச் சீழ்க் கொப்புளங்கள் வந்தன. அவை உடைந்து, ஓரம் உரிந்த வட்ட வட்டமான தடங்களாக மாறின. டாக்டர் ஆன்டிபயாடிக் எழுதிக் கொடுத்தார். ஒரு வாரத்தில் தோல் தெளிந்ததும் இவர் மாத்திரையை நிறுத்திவிட்டார். பாதி தீர்ந்த மாத்திரை அட்டை ஒரு டப்பாவுக்குள் போய்விட்டது. அடுத்த நாய் சொறிய ஆரம்பித்ததும் அந்த அட்டை வெளியே வந்தது. அது சின்ன நாய் என்பதால் ஒரு மாத்திரையைக் கண்ணளவில் இரண்டாக உடைத்துக் கொடுத்தார். சொறி கொஞ்சம் குறைந்தது, திரும்பவும் வந்தது. அப்புறம் மூன்றாவது நாய்க்கும் அதே வைத்தியம். நான்கும் சொறியத் தொடங்கிய பிறகுதான் டாக்டரிடம் போனார். சீழை எடுத்து, கிருமியை வளர்த்து எந்த மருந்துக்குச் சாகிறது என்று பார்க்கும் கல்ச்சர் டெஸ்ட் செய்தால், வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் பெரும்பாலானவற்றுக்கு அந்தக் கிருமி மசியவில்லை. அதன் பிறகு மாதக்கணக்கில் மருந்து ஷாம்பு, திரும்பத் திரும்பப் பரிசோதனை. இத்தனைக்கும் நான்கு நாய்களையும் சொறிய வைத்தது தெள்ளுப்பூச்சி!

நாய்களின் தோல் தொற்றுக்குப் பெரும்பாலும் காரணமாக இருப்பது ஸ்டஃபைலோகாக்கஸ் சூடின்டர்மீடியஸ் என்ற பாக்டீரியா. இது வெளியிலிருந்து வரும் எதிரி அல்ல. நல்ல ஆரோக்கியமான நாயின் மூக்கு, வாய், ஆசனவாய் ஓரங்களிலேயே வாழ்கிறது. அலர்ஜி, தெள்ளு, டெமோடெக்ஸ் என்ற தோல் பூச்சி, தைராய்டு குறைபாடு என்று ஏதாவது ஒன்றால் தோல் பலவீனமாகும்போதுதான் அது பெருகிப் புண்ணாக்குகிறது. அந்தக் காரணம் நாய்க்கு நாய் வேறுபடலாம். ஒரு நாய்க்குப் பாக்டீரியா என்றால் இன்னொன்றுக்குப் பூஞ்சையாக இருக்கலாம். பூஞ்சைக்கு ஆன்டிபயாடிக்கால் எந்தப் பலனும் இல்லை.

அளவு குறைவாக, நாள் குறைவாக மருந்து போகும்போது எளிதில் சாகும் கிருமிகள் செத்து, தாக்குப்பிடிப்பவை மிஞ்சுகின்றன. ஒரே நாய் வளர்க்கும் வீட்டிலேயே இது கெடுதல். பல நாய்கள் ஒன்றையொன்று நக்கிக்கொண்டு, ஒரே படுக்கையில் புரளும் வீட்டில், மிஞ்சிய கிருமி எல்லா நாய்களின் தோலிலும் குடியேறுகிறது. இன்னொரு கேடும் உண்டு. பாதி மருந்து கொடுத்த பிறகு எடுத்த மாதிரியில் கிருமி சரியாக வளராமல் போகலாம். டாக்டர் எதை நம்பி மருந்து தேர்ந்தெடுப்பார்? மிச்சமிருந்த ஸ்டீராய்டு மாத்திரையைக் கொடுத்தால் அரிப்பு அடங்கி, நோய் குணமானது போலத் தெரியும். டெமோடெக்ஸ் இருக்கும் நாய்க்கோ அது நிலைமையை இன்னும் மோசமாக்கும்.

சரி, என்ன செய்யலாம்? எழுதிக் கொடுத்ததை எழுதிக் கொடுத்தபடி முடியுங்கள். மேலோட்டமான தோல் தொற்று என்றால் சுமார் 2 வாரத்திலும், ஆழமான தொற்று என்றால் சுமார் 3 வாரத்திலும் மறுபடி காட்டச் சொல்வார்கள். நிறுத்துவதா, தொடர்வதா என்பதை அந்த நாளில் டாக்டர் முடிவு செய்யட்டும். நாமாக நிறுத்தவும் வேண்டாம், நாமாக நீட்டிக்கவும் வேண்டாம். மேலோட்டமான தொற்று பல நேரங்களில் மாத்திரையே இல்லாமல் குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிநாசினி கலந்த ஷாம்புவில் அடங்கிவிடும். ஆனால் நுரையை 10 நிமிடம் தோலில் ஊறவிட வேண்டும். நாய் அடம்பிடிக்கிறது என்று இரண்டே நிமிடத்தில் அலசிவிட்டு, ஷாம்பு வேலை செய்யவில்லை என்று சொல்பவர்கள்தான் அதிகம். கடிகாரத்தைப் பார்த்துச் செய்யுங்கள். மருந்து மிஞ்சினால் மருத்துவமனையிலேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், வீட்டில் வைக்காதீர்கள்.

மனிதர் மாத்திரை

இபுபுரூஃபன், பாராசிட்டமால் இரண்டும் நாயைக் கொல்லக்கூடியவை. காய்ச்சல் என்றாலும் தொடாதீர்கள்.

கடிபட்ட ஓட்டை சின்னது என்று விடுவது

கூட்டமாக வளரும் நாய்கள் எப்போதாவது சண்டை போடத்தான் செய்யும். கோரைப்பல் இறங்கிய இடத்தில் வெளியே தெரிவது பட்டாணி அளவு ஓட்டைகூட இருக்காது. ஆனால் கடித்த நாய் தலையை உதறும்போது உள்ளே தோலும் தசையும் பிரிந்து ஒரு பை உருவாகிறது. வாயிலிருந்த பாக்டீரியா அந்தப் பைக்குள் மாட்டிக்கொள்ள, மேலே ஓட்டை மூடிவிடும். சில நாள் கழித்துத் தொட்டால் சூடாக, மெத்தென்று வீக்கம். அப்போதே உள்ளே சீழ் கட்டிவிட்டது என்று அர்த்தம். சண்டை முடிந்ததும் முடியை விலக்கி உடம்பு முழுவதும் தடவிப் பாருங்கள். ஒரு ஓட்டை தெரிந்தால் பக்கத்தில் இன்னொன்று இருக்கும், பல் ஜோடியாகத்தான் இறங்கும். சலைன் என்ற உப்புநீரால் கழுவிவிட்டு அன்றே டாக்டரிடம் கொண்டுபோங்கள். மேலே பவுடரைக் கொட்டி அடைக்க வேண்டாம். ஹைட்ரஜன் பெராக்சைடும் வேண்டாம், அது நல்ல திசுவையும் சேர்த்து அரிக்கிறது.

காதுச் சொட்டு

செவிப்பறை கிழியவில்லை என்று டாக்டர் பார்த்துச் சொல்லாமல் ஒரு சொட்டும் விடாதீர்கள்.

புது நாயை நேராக உள்ளே விடுவது

குறைந்தது 2 வாரம் தனி அறை, தனித் தட்டு, தனிப் படுக்கை. கென்னல் காஃப் என்று சொல்லும் இருமல் நோயில் முக்கியப் பங்கு வகிக்கும் போர்டெடெல்லா பாக்டீரியா உடம்பில் நுழைந்து அறிகுறி காட்டவே 2 முதல் 14 நாள் வரை ஆகலாம். முதல் நாள் துள்ளி விளையாடியது என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. இனப்பெருக்கத்துக்காகக் கொண்டுவரும் நாய் என்றால் புரூசெல்லா கேனிஸ் என்ற பாக்டீரியாவுக்கான பரிசோதனை முடியாமல் இணை சேர்க்கவே கூடாது. அது கருச்சிதைவை உண்டாக்கும், வாழ்நாள் முழுக்கத் தங்கும், மனிதருக்கும் தொற்றும்.

இருமல் வந்ததும் எல்லா நாய்களுக்கும் ஆன்டிபயாடிக் கேட்பதும் தவறு. நிறைய இருமல் வைரஸால் வருவது, லேசாக இருந்தால் 10 நாளுக்குள் தானே போய்விடும். காய்ச்சல், தீனி மறுப்பு, வேகமான மூச்சு என்று ஏதாவது சேர்ந்துகொண்டால் மட்டும் ஒரு நாள்கூடக் காத்திருக்கக் கூடாது.

வேலையின் வரிசை

தீனி வைப்பதோ சுத்தம் செய்வதோ, எந்த வேலையானாலும் ஆரோக்கியமான நாய்கள் முதலில், நோயுள்ள நாய் கடைசியில். பாசத்தில் எல்லோரும் தலைகீழாகத்தான் செய்கிறார்கள்.

அழுக்கின் மேலேயே கிருமிநாசினி ஊற்றுவது

மலமும் எச்சிலும் படிந்த தரையில் பிளீச் வேலை செய்யாது. முதலில் சோப்பால் தேய்த்துக் கழுவி, பிறகு கிருமிநாசினியைப் போட்டு, லேபிளில் சொன்ன நேரம் வரை ஈரமாக விடுங்கள். தண்ணீர்ப் பாத்திரத்தின் உட்பக்கத்தை விரலால் தடவிப் பாருங்கள். வழுவழுவென்று இருந்தால் அது பாக்டீரியா கட்டிய படலம். பழைய தண்ணீரைக் கொட்டிப் புதுத் தண்ணீர் ஊற்றினால் அது போகாது, தினமும் தேய்க்க வேண்டும்.

எலிக்காய்ச்சலை ஒரே நாயின் நோயாக நினைப்பது

எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா பாக்டீரியா, நோயுள்ள விலங்கின் சிறுநீரில் வெளியேறும். உங்கள் நாய்கள் எல்லாம் ஒரே இடத்தை மோந்து, ஒரே குட்டையில் நக்கியிருக்கும். ஒன்றுக்கு உறுதியானால் மற்றவை நலமாகத் தெரிந்தாலும் அவற்றைப் பற்றியும் டாக்டரிடம் சொல்லுங்கள், அவற்றுக்கும் மருந்து தேவைப்படலாம். சிறுநீரைத் துடைக்கும்போது கையுறை போடுங்கள். பீய்ச்சியடித்துக் கழுவ வேண்டாம், துளி தெறித்துக் கண்ணிலும் வாயிலும் படும். வரும் வாரங்களில் வீட்டில் யாருக்காவது காய்ச்சல் வந்தால், நாய்க்கு எலிக்காய்ச்சல் இருந்த விவரத்தை அவரைப் பார்க்கும் டாக்டரிடம் முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.