சர்வீஸ் கடையில் புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு
மிக்ஸி, கிரைண்டர் பழுதுபார்க்கும் சிறிய கடையில் சேர்பவர், தொலைபேசியை எடுப்பதும் பில் போடுவதும் வாடிக்கையாளரின் கோபத்தைக் கேட்டுக்கொள்வதும் தாமே என்பதை முதல் நாளிலேயே உணர்ந்துவிடுவார். வேறு பிரிவுக்கு மாற்றிவிட அங்கே ஆள் கிடையாது. அந்தக் கோபத்தில் பெரும்பகுதி, வாடிக்கையாளர் தம் பொருளைத் திரும்ப வாங்கும் வேளையில்தான் எழுகிறது. ஆகவே வாங்கி வைக்கும்போதே எத்தனை ஜார், மூடி உண்டா, கேஸ்கட் இருக்கிறதா, எங்கே கீறல் என்பதை ரசீதில் எழுதி, அவர் முன்னிலையில் வாசித்துக் காட்டிக் கையொப்பம் பெற வேண்டும். (ஒரு மூடியைத் தேடி மாலைப் பொழுதையே தொலைத்த பிறகுதான் நான் இதைக் கற்றேன்.) ‘மோட்டார் பழுது’ என்று நாமாக எழுதிவிடாமல், ‘சட்னிக்கு ஓடுகிறது, மாவு அரைத்தால் கருகல் வாடை வருகிறது’ என அவர் சொன்னபடியே குறித்தால், மெக்கானிக்குக்குப் பாதி வேலை மிச்சம். சில வேளைகளில் சுமை கூடினால் மோட்டாரை நிறுத்திவிடும், அடியிலுள்ள ஓவர்லோடு சுவிட்சை அழுத்தினாலே மிக்ஸி ஓடிவிடும். அதை அழுத்திக் காட்டி, காசு வாங்காமல் அனுப்பினால், அவரே அடுத்த முறை கிரைண்டரோடு வருவார்.

தமிழ்நாட்டில் கடை ஊழியர்களுக்கு இருக்கை வசதி தர வேண்டும் என 2021-இல் சட்டம் திருத்தப்பட்டிருப்பதால், நாற்காலி கேட்கத் தயங்க வேண்டியதில்லை.