பேஸ் கிட்டாருக்கு வால்வு ஹெட் வாங்குகிறீர்களா? முதலில் முதுகைக் கேளுங்கள்

கோயம்புத்தூரில் ஒரு எலக்ட்ரானிக்ஸ் கடைக்குப் போய் "ட்யூப் ஆம்ப் பத்தித் தெரியுங்களா" என்று கேட்டால் ட்யூப்லைட் சோக்கை எடுத்து நீட்டுவார்கள். வால்வு என்று சொல்லுங்கள், வயதானவர்களுக்குச் சட்டென்று புரியும், வீட்டில் இருந்த பழைய வால்வு ரேடியோ ஞாபகம் வந்து பத்து நிமிடம் பேசவும் செய்வார்கள். ட்யூபும் வால்வும் அதே சரக்குதான். ஸ்பீக்கர் சேராத தனி ஆம்ப் பெட்டிக்குத்தான் ஹெட் என்று பெயர். கண்ணாடிக் குடுவைக்குள் ஹீட்டர் சூடாகிறது, எலக்ட்ரான் கிளம்புகிறது, சிக்னல் பெருகுகிறது. பேஸுக்கு இது எதற்கு என்றால், வால்யூம் ஏற ஏற வால்வின் சத்தம் படாரென்று உடையாமல் கொஞ்சம் கொஞ்சமாக அமுங்கிக் கரகரக்கும். தடவி வாசித்தால் ஒரு குரல், இழுத்து அடித்தால் வேறு குரல். அந்த ருசி பிடித்துப் போனவர்களுக்குத்தான் இந்தக் கட்டுரை. பிடிக்காதவர்கள் மூன்று கிலோவில் வால்வு இல்லாத லேசான ஒரு கிளாஸ் டி ஹெட் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு நிம்மதியாகப் போகலாம், அதிலும் தப்பில்லை.

முதல் பொறி பெயரில் இருக்கிறது. முன்பக்கம் ஒரு வால்வு மினுக் மினுக் என்று எரிவதைப் பார்த்து முழு வால்வு என்று நம்பிவிடாதீர்கள். சிக்னலை முதலில் பெருக்கும் ப்ரீஆம்பில் மட்டும் ஒன்றிரண்டு 12ஏஎக்ஸ்7 என்ற சின்ன வால்வு வைத்துவிட்டு, ஸ்பீக்கரைத் தள்ளும் பவர் பகுதியை ட்ரான்சிஸ்டரில் செய்த ஹெட்கள் ஏராளம். ஆம்பெக் கம்பெனியின் எஸ்விடி என்று பெயர் இருந்தாலும் எஸ்விடி-3 ப்ரோவின் பவர் பகுதி மாஸ்ஃபெட் ட்ரான்சிஸ்டர்தான். எஸ்விடி-சிஎல், எஸ்விடி-விஆர் இரண்டும் முழு வால்வு. இப்படி இரண்டும் கலந்த ஹைப்ரிட் கெட்டது என்று சொல்லவில்லை. முழு வால்வு விலை கொடுத்து ஹைப்ரிட்டைத் தூக்கிக்கொண்டு வரக்கூடாது, அவ்வளவுதான். சந்தேகம் வந்தால் பின்பக்கக் கம்பி வலை வழியாகப் பாருங்கள்: 6550, கேடி88, 6எல்6, ஈஎல்34 என்று கைக்கு அடக்கமான பெரிய குடுவைகள் வரிசையாக நிற்க வேண்டும், கூடவே இரண்டு கனமான ட்ரான்ஸ்ஃபார்மர்கள் இருக்க வேண்டும்: கரண்டை வாங்கும் பவர் ட்ரான்ஸ்ஃபார்மர், ஸ்பீக்கருக்கு அனுப்பும் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர்.

அந்த ட்ரான்ஸ்ஃபார்மர்கள்தான் முதுகை உடைப்பவை. 1969-இல் வந்த எஸ்விடி 300 வாட், ஆறு பவர் வால்வு. இன்றைய எஸ்விடி-சிஎல் சுமார் 36 கிலோ. ஈரோட்டில் மாடிப் பயிற்சி அறை வைத்திருப்பவர்கள் இந்த எண்ணை இன்னொரு முறை படிக்கவும். நான் இருபத்தெட்டு வயதில் வாங்கியபோது அது பெரிதாகத் தெரியவில்லை, நாற்பதில் டிரம்மரைக் கெஞ்ச வேண்டியிருக்கிறது.

சரி, 300 வாட் வேண்டுமா? பெரும்பாலும் வேண்டாம். 100 வாட்டிலிருந்து 300-க்குப் போனால் கூடுவது ஐந்து டெசிபெல்லுக்கும் குறைவு. காதுக்கு இரண்டு மடங்கு சத்தமாகத் தோன்ற ஏறக்குறைய பத்து டெசிபெல் ஏற வேண்டும், அதற்குப் பத்து மடங்கு வாட் வேண்டும். இன்றைக்குக் கல்யாண மண்டபமோ கல்லூரி விழாவோ, பேஸ் எப்படியும் டிஐ என்ற சின்னப் பெட்டி வழியாக நேரே மிக்சருக்குப் போய்விடுகிறது, உங்கள் ஹெட் மேடைக்கு மட்டும் கேட்டால் போதும். அதனால் நான்கு 6எல்6 போட்ட 100 வாட் ஹெட், ஆம்பெக் வி-4பி மாதிரி, நம் ஊர் வேலைக்குத் தாராளம். ஐந்து கம்பி பேஸில் அடி பி ஸ்ட்ரிங் 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும், அதைக் கரகரப்பே இல்லாமல் சுத்தமாக, சத்தமாகக் கேட்க வேண்டும் என்பவர்களுக்கு மட்டும் 200, 300 வாட்டில் அர்த்தம் இருக்கிறது. ஆரஞ்ச் ஏடி200பி நான்கு 6550 வைத்து 200 வாட் தருகிறது, நடுவில் நிற்கும் நல்ல ஆள். வீட்டிலும் ரெக்கார்டிங்கிலும் மட்டும் வாசிப்பவருக்கு 30, 50 வாட்டே போதும். அமெரிக்க மோடவுன் இசைக் கம்பெனியின் பாட்டுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த பேஸோடு சேர்த்துப் பேசப்படும் ஆம்பெக் பி-15, 30 வாட்டைத் தாண்டாத சின்னப் பெட்டிதான்.

அடுத்து ஸ்பீக்கர் பெட்டி. ட்ரான்சிஸ்டர் ஹெட்டில் பழகியவர்கள் இங்கேதான் காசைக் கரியாக்குவார்கள். வால்வு ஹெட்டை ஸ்பீக்கர் மாட்டாமல் ஓட்டவே கூடாது, அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் போய்விடும். பெட்டியின் மின்தடை எத்தனை ஓமோ அதே ஓமுக்கு ஹெட்டின் பின்பக்கத் தேர்வை வைக்க வேண்டும். 8 ஓம் பெட்டி இரண்டு சேர்த்தால் 4 ஓம். கிட்டாருக்குச் செருகும் கேபிளை ஸ்பீக்கருக்குப் போடாதீர்கள், இரண்டுக்கும் முனை ஒரே மாதிரி இருப்பதால் அவசரத்தில் எல்லோரும் ஒருமுறையாவது செய்கிறோம், நானும் செய்தேன். கையில் ஏற்கெனவே ஒரு பெட்டி இருந்தால் அதன் ஓமையும் அது தாங்கும் வாட்டையும் எழுதி எடுத்துக்கொண்டுதான் ஹெட் பார்க்கப் போக வேண்டும்.

இனி கரண்ட். வெளிநாட்டுக்காரர்கள் எழுதும் வழிகாட்டிகளில் இது ஒரு வரி, நமக்கு இதுதான் பாதிக் கதை. கோபிசெட்டிபாளையம் பக்கம் தோட்டங்களில் த்ரீ ஃபேஸ் வந்து எல்லா மோட்டாரும் ஒரே நேரத்தில் ஓடும்போது மீட்டர் வைத்துப் பாருங்கள், 180-க்கு இறங்கினாலும் ஆச்சரியமில்லை. 230-இல் 6.3 வோல்ட் பெற வேண்டிய ஹீட்டர் அப்போது ஐந்துக்கும் கீழே போகும், வால்வு மூச்சு வாங்கும், சத்தம் சோர்ந்துவிடும். ஜெனரேட்டரில் ஓடும் திருவிழா மேடையில் இதற்கு நேர்மாறு, திடீரென்று 260 ஏறும், அது இன்னும் ஆபத்து. அதனால் ஹெட் விலையோடு ஒரு சர்வோ ஸ்டெபிலைசர் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்: 100 வாட் ஹெட்டுக்கு 1 கேவிஏ, 300 வாட்டுக்கு 2 கேவிஏ. எர்த் கட்டாயம். மூன்றாவது பின்னை உடைத்துவிட்டு ஓட்டும் ஆளை மேடைப் பக்கம் சேர்க்காதீர்கள், உள்ளே 600, 700 வோல்ட் வரை ஓடுகிற பெட்டி இது, பிளக்கைப் பிடுங்கிய பிறகும் கெப்பாசிட்டரில் தங்கியிருக்கும்.

அமெரிக்காவிலிருந்து சொந்தக்காரர் மூலம் பழையதை வரவழைக்கும் ஆசை இருந்தால், பின்பக்கம் 120 வோல்ட் மட்டும் எழுதியிருக்கிறதா, 230-க்கு மாற்றும் வழி இருக்கிறதா என்று வாங்கும் முன்பே கேளுங்கள். ஸ்டெப் டவுன் ட்ரான்ஸ்ஃபார்மர் வோல்ட்டைத்தான் மாற்றும், இங்கே வரும் 50 ஹெர்ட்ஸை அங்கத்திய 60 ஆக்காது. கோவை கணபதி பகுதியில் மோட்டார் வைண்டிங் செய்யும் ஒரு பெரியவரிடம் கேட்டதற்கு, ஆம்பைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "அறுபது சைக்கிளுக்குச் சுத்துனதுங்களா தம்பி, அப்ப இங்க கொஞ்சம் சூடாவுமுங்க" என்றார். அவர் சொன்னது சரிதான். பவர் ட்ரான்ஸ்ஃபார்மர் போனால் சுற்றித் தர நம் ஊரில் கை இருக்கிறது, ஆனால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரில் இரண்டு சுற்றுகளையும் அடுக்கடுக்காக மாற்றி மாற்றிப் போட வேண்டும், அது எல்லோருக்கும் வராது. பழைய ஹெட் பார்க்கும்போது அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மர் கம்பெனியுடையதா, மாற்றியதா என்று கேட்பது அதனால்தான்.

பழையதை வாங்கும்போது நேரில் போய்க் குறைந்தது அரை மணி நேரம் சத்தமாக வாசியுங்கள். சூடான பிறகுதான் நோய் தெரியும். விளக்கை அணைத்துவிட்டு வால்வுகளைப் பாருங்கள்: ஹீட்டர் ஆரஞ்சாக எரிவது இயல்பு, கண்ணாடியில் நீல ஒளி படர்வதும் இயல்பு, நடுவில் இருக்கும் சாம்பல் நிறத் தகடே சிவந்து நின்றால் உடனே அணைக்கச் சொல்லுங்கள். பென்சில் பின்முனையால் சின்ன வால்வுகளை லேசாகத் தட்டினால் ஸ்பீக்கரில் மணி அடிப்பது போலக் கேட்டால் அந்த வால்வு மாற்ற வேண்டியது, அது சின்னச் செலவு. பலமான உறுமல் இருந்தால் கெப்பாசிட்டர் காய்ந்திருக்கலாம்; இருபது வருடப் பெட்டி என்றால் எப்படியும் மாற்ற வேண்டியதுதான், அந்தக் காசை விலையில் குறையுங்கள். பவர் வால்வு செட் மாற்றும் செலவும் மறக்கக்கூடாது: ஆறு வால்வு ஹெட்டுக்கு ஆறும் ஜோடி பார்த்தது வேண்டும், போட்டபின் பயாஸ், அதாவது வாசிக்காதபோதும் வால்வில் ஓடும் கரண்ட், சரிபார்க்க ஆள் வேண்டும். பக்கத்தில் அப்படி ஒருவர் இல்லை என்றால் நான்கு வால்வு, இரண்டு வால்வு ஹெட்டே புத்திசாலித்தனம்.

ஃப்யூஸ் விஷயம் ஒன்று. ஒரு கோவில் மேடையில் என் ஹெட்டின் ஃப்யூஸ் போனபோது, சவுண்டு சர்வீஸ் பையன் ஒயரிலிருந்து ஒரு இழையை உருவி, "இதச் சுத்திட்டா ஓடுமுங்ணா" என்று நீட்டினான். வேண்டாம் என்று சொல்லி டிஐ மட்டும் போட்டு வாசித்து முடித்தேன். மறுநாள் பார்த்தால் ஒரு 6550 உள்ளே ஷார்ட்டாகியிருந்தது. அந்த இழை மட்டும் உள்ளே போயிருந்தால் அவுட்புட் ட்ரான்ஸ்ஃபார்மரும் சேர்ந்து போயிருக்கும். பின்பக்கம் எழுதியிருக்கும் அதே அளவில் ஸ்லோ ப்ளோ ஃப்யூஸ் நாலு, ஒரு 12ஏஎக்ஸ்7, இரண்டையும் பஞ்சு வைத்த டப்பாவில் போட்டு கவருக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். கச்சேரி முடிந்ததும் சூட்டோடு டாட்டா ஏஸில் ஏற்றாதீர்கள், குலுங்கினால் சூடான வால்வு சீக்கிரம் கெடும். கால் மணி நேரம் ஆறட்டும், அதற்குள் பந்தியில் இடம் பிடித்துவிடலாம்.