பணம் வந்தது ஒரு தடவை, பூ போனது இரண்டு தடவை: ஏபிஐ இணைப்பவர்களுக்கு

ஆவணி முகூர்த்த நாள். விடியற்காலை நாலரை மணிக்கு மதுரை மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டிலிருந்து அண்ணாச்சி கூப்பிட்டார்; அவருடைய பூக்கடைக்கு ஆர்டர் ஆப் எழுதிக் கொடுத்தவன் நான். "தம்பி, திருமங்கலம் மண்டபத்துக்கு அஞ்சு கிலோ மல்லி ஆப்புல ரெண்டு ஆர்டரா விழுந்திருக்கு. பத்து கிலோவும் வண்டியில ஏறிப் போயிருச்சு. அவங்க அஞ்சுதான் கேட்டேங்கிறாங்க." துணிமணி என்றால் திருப்பி வாங்கி அலமாரியில் வைக்கலாம். மல்லி சாயங்காலம் விரிந்துவிடும், அப்புறம் விலை ஏது? அந்த ஐந்து கிலோவுக்கு நான்தான் பணம் கொடுத்தேன். தப்பும் என்னுடையதுதான். ஒரே பணத்துக்கான தகவல் இரண்டு தடவை வரலாம் என்று பேமெண்ட் சேவையின் ஆவணத்திலேயே எழுதியிருந்தது. நான் அந்தப் பக்கத்தைப் படிக்கவில்லை.

ஏபிஐ என்பதைப் பெரிதாக விளக்க வேண்டியதில்லை. நம் ஆப், வெளியே இருக்கும் ஒரு சர்வரைக் குறிப்பிட்ட முகவரியில், அது சொன்ன வடிவத்தில் கேட்கும். அது பெரும்பாலும் ஜேசன் என்ற எழுத்து வடிவத்தில் பதில் தரும். இந்தக் கேள்வி பதிலை ஒரு மதியத்தில் எழுதிவிடலாம். பதில் வராவிட்டால், தாமதமானால், இரண்டாக வந்தால் என்ன செய்வது என்பதற்குத்தான் இரண்டு வாரம் ஆகும். அண்ணாச்சி கடை ஆப்புக்கு வெளிச் சேவைகள் மூன்று: பணம் வாங்குவது, எஸ்எம்எஸ் அனுப்புவது, மண்டபத்தை மேப்பில் காட்டுவது. மேப் தகராறு செய்ததில்லை, அதை விட்டுவிடுகிறேன்.

முதலில் சேவையில் கணக்குத் தொடங்கி டெஸ்ட் கீ (சோதனைக்கான ரகசியச் சாவிச் சொல்) வாங்குங்கள். கோட் எழுதும் முன் போஸ்ட்மேன், கர்ல் போன்ற சோதனைக் கருவியில் கையால் ஒரு தடவை கூப்பிட்டு, பதிலை முழுசாகப் படியுங்கள். அப்புறம் கீயை எங்கே வைப்பது? மொபைல் ஆப்புக்குள் ரகசிய கீ கூடவே கூடாது. ஆண்ட்ராய்டு ஆப் வரும் ஏபிகே கோப்பைப் பிரித்துப் பார்க்கப் பெரிய வித்தை எதுவும் தேவையில்லை. ஆப் நம் சர்வரிடம் பேசட்டும், நம் சர்வர் வெளியாரிடம் பேசட்டும். கீ, கோடுக்கு வெளியே, சர்வரின் என்வயர்ன்மென்ட் வேரியபிளில் இருக்கட்டும். தெரியாமல், கோட் சேமிக்கும் தளமான கிட்ஹப்பில் ஏற்றிவிட்டால் அந்த வரியை அழிப்பதில் பயனில்லை, பழைய கமிட்டில் (சேமித்த முந்தைய பதிப்பில்) அது அப்படியே இருக்கும். கீயை ரத்து செய்துவிட்டுப் புதிதாக வாங்குங்கள்.

அடுத்தது டைம்அவுட், அதாவது பதிலுக்கு எவ்வளவு நேரம் காத்திருப்பது என்ற வரம்பு. பைதானின் ரிக்வெஸ்ட்ஸ் நூலகத்துக்கு நீங்களாக டைம்அவுட் கொடுக்காவிட்டால், பதில் வரும் வரை அது உட்கார்ந்தே இருக்கும். எதிர் சர்வர் படுத்துவிட்டால் நம் சர்வரும் கூடவே படுத்துவிடும். நான் பத்து நொடி வைப்பேன்.

பிழை வந்தால், பதிலோடு வரும் நிலை எண்ணைப் பாருங்கள் (200 என்றால் சரியாக வாங்கிக்கொண்டது). 400, 401 என்றால் தப்பு நம் பக்கம், நூறு தடவை திரும்பக் கேட்டாலும் அதே பதில்தான். 429 என்றால் அளவுக்கு மீறிக் கேட்கிறோம்; பதிலின் தலைக்குறிப்பில் (ஹெடர்) ரிட்ரை-ஆஃப்டர் வந்திருந்தால் அது சொல்லும் நேரம் பொறுத்திருக்க வேண்டும். 500, 503 என்றால் அவர்கள் பக்கம் கோளாறு: 1 நொடி, 2, 4, 8 என்று இடைவெளியை இரட்டிப்பாக்கிக்கொண்டே நாலைந்து தடவை முயன்றுவிட்டு விட்டுவிடலாம். உண்மையிலேயே சிக்கலானது டைம்அவுட் ஆன கோரிக்கைதான். வேலை முடிந்து பதில் மட்டும் வழியில் தொலைந்ததா, வேலையே நடக்கவில்லையா என்று நமக்குத் தெரியாது. பணம் சம்பந்தப்பட்ட கோரிக்கை என்றால், சேவை ஐடெம்பொடென்சி கீ (ஒவ்வொரு வேலைக்கும் நாம் கொடுக்கும் தனி அடையாளம்) ஏற்கிறதா என்று பாருங்கள். ஒரே கீயோடு எத்தனை தடவை கேட்டாலும் வேலை ஒரு தடவைதான் நடக்கும்.

பணத்துக்கு வருவோம். ரேசர்பே, ஸ்ட்ரைப் ஆகிய பேமெண்ட் சேவைகள் இரண்டுமே தொகையை ரூபாயில் கேட்பதில்லை, பைசாவில் கேட்கும். 6,000 ரூபாய்க்கு 600000 என்று அனுப்ப வேண்டும். வெறும் 6000 அனுப்பினால் 60 ரூபாய்க்கு ஐந்து கிலோ மல்லி போய்விடும். தசம எண்ணைப் பெருக்கி அனுப்புவதும் ஆபத்து. ஜாவாஸ்கிரிப்டில் 19.99-ஐ 100-ஆல் பெருக்கிப் பாருங்கள், 1998.9999999999998 என்று வரும். விலையை ஆரம்பத்திலிருந்தே பைசாவாக, முழு எண்ணாக வைத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

வாடிக்கையாளர் செல்போனில் பச்சை டிக் வந்துவிட்டது என்பதற்காக ஆர்டரை உறுதி செய்யாதீர்கள். அந்தத் திரையைப் போலியாகவும் செய்யலாம். பணம் போனபின் நெட் போய் டிக் வராமலும் இருக்கலாம். உறுதி செய்ய வேண்டியது சேவை நம் சர்வருக்கு நேராக அனுப்பும் வெப்ஹுக் தகவலை வைத்து. அது வந்ததும் செய்ய வேண்டியவை, இதே வரிசையில்:

தகவல் சேவையிடமிருந்துதான் வந்தது என்று காட்டும் டிஜிட்டல் கையெழுத்தைச் சரிபாருங்கள். வந்த தகவலின் உடலோடு (பாடி) ரகசியச் சொல்லைச் சேர்த்து எச்மேக் எஸ்எச்ஏ-256 என்ற முறையில் கணக்கிட்டு, ஹெடரில் வந்ததோடு ஒப்பிட வேண்டும். ஜேசனைப் பிரித்துத் திரும்பச் சேர்த்த உடலை வைத்துக் கணக்கிட்டால் ஒத்துப்போகாது. ஓர் இடைவெளி மாறினாலே கையெழுத்து மாறிவிடும். வந்தது வந்தபடியே வேண்டும். நான் ஒரு ராத்திரி முழுக்க இதில் மாட்டிக்கொண்டேன்.

அப்புறம் அந்த நிகழ்வின் ஐடியை டேட்டாபேஸில் யூனிக் (ஒரு மதிப்பு ஒரு தடவைதான்) என்று அறிவித்த ஒரு நெடுவரிசையில் எழுதுங்கள். அதே ஐடி மறுபடி வந்தால் டேட்டாபேஸே மறுத்துவிடும், நாம் பேசாமல் 200 சொல்லிவிடலாம். "இருக்கிறதா என்று முதலில் பார்த்துவிட்டு, இல்லையென்றால் எழுது" என்று கோட்டில் எழுதியிருந்ததுதான் அன்று என் காலை வாரியது. இரண்டு தகவலும் ஒரே நேரத்தில் வந்து, இரண்டும் "இல்லை" என்ற பதிலையே பார்த்தன.

எழுதியதும் உடனே 200 அனுப்பிவிடுங்கள். எஸ்எம்எஸ், பில் எல்லாம் பின்னால் க்யூவில் ஓடட்டும். நாம் தாமதித்தால் தகவல் போய்ச் சேரவில்லை என்று நினைத்து அவர்கள் மறுபடி அனுப்புவார்கள். வீட்டு லேப்டாப்பில் வெப்ஹுக்கைச் சோதிக்க, அதை வெளியிலிருந்து எட்டவைக்கும் என்க்ராக் கருவி போதும்.

எஸ்எம்எஸ் வேறு மாதிரி. இந்தியாவில் வணிகச் செய்தி அனுப்ப, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான ட்ராயின் 2018 விதிமுறைப்படி, தொலைபேசி நிறுவனங்களின் டிஎல்டி பதிவுத் தளத்தில் நிறுவனம், ஹெடர் (அனுப்புநர் பெயர்), செய்தியின் டெம்ப்ளேட் மூன்றையும் பதிவு செய்திருக்க வேண்டும். பதிவு செய்த வாசகத்திலிருந்து நாம் அனுப்புவது மாறினால், தொலைபேசி நிறுவனத்திலேயே நின்றுவிடும். ஆனால் ஏபிஐ நமக்கு 200 என்று சொல்லியிருக்கும்! அதற்கு "வாங்கிக்கொண்டேன்" என்று மட்டுமே பொருள். போய்ச் சேர்ந்ததா என்பதை டெலிவரி ரிப்போர்ட்டில்தான் பார்க்க வேண்டும்.

தமிழில் அனுப்பினால் இன்னொன்றும் உண்டு. ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழுக்கு 70. நீளமானால் துண்டுக்கு 67. கொம்பு, கால், புள்ளி எல்லாம் தனித்தனிக் கணக்கு. "மதுரை மல்லி 5 கிலோ" என்பது இடைவெளி சேர்த்து நம் கண்ணுக்கு 12, எஸ்எம்எஸ் கணக்கில் 18. அண்ணாச்சி ஆசையாக எழுதிக் கொடுத்த வரவேற்பு வாசகம் நாலு எஸ்எம்எஸ் காசு கேட்டது. "வணக்கத்த மட்டும் வையி தம்பி, மிச்சத்த வெட்டிரு" என்றார்.

நேரத்தையும் பாருங்கள். வெளிச் சேவைகள் பெரும்பாலும் யூடிசி என்ற உலகப் பொது நேரத்தில் அனுப்பும், நாம் ஐந்தரை மணி நேரம் முன்னால் இருக்கிறோம். மற்றக் கடைகளுக்கு இது பெரிதாகத் தெரியாது. பூ வியாபாரம் விடிவதற்குள் நடப்பது; காலை நாலு மணி ஆர்டர் யூடிசியில் முந்தைய நாள் இரவு 10.30. தேதி வாரியாக எடுத்த சிட்டையில் முகூர்த்த நாள் வியாபாரம் பாதி நேற்றைக்குப் போய் உட்கார்ந்திருந்தது. யூடிசியிலேயே சேமியுங்கள், தேதி பிரிக்கும்போதும் திரையில் காட்டும்போதும் இந்திய நேரத்துக்கு மாற்றுங்கள்.

இவ்வளவும் செய்தபிறகும் ஒரு வெப்ஹுக் வராமலே போகலாம். அதனால் தினமும் ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சின்ன ஸ்கிரிப்ட் ஓடுகிறது. கடந்த 24 மணி நேரத்துப் பணப் பட்டியலைச் சேவையிடம் கேட்டு வாங்கி, நம் ஆர்டர்களோடு வரிக்கு வரி ஒப்பிடும். பணம் இருந்து ஆர்டர் இல்லாதது, ஒரு பணத்துக்கு இரண்டு ஆர்டர் ஆனது, இரண்டும் என் போனுக்கு வந்துவிடும். உசிலம்பட்டிப் பக்கத்துப் பூ மூட்டை மார்க்கெட்டில் இறங்குவதற்குள் சரி செய்ய எனக்கு நேரம் இருக்கிறது.