நாகர்கோவிலிலிருந்து நாஞ்சில் வயல்களுக்கு: முதல் முறை சைக்கிளில் போகிறவர்களுக்கு

வடசேரி பேருந்து நிலையத்திலிருந்து இருபது நிமிடம் மிதித்தால் நெல்வயல் வந்துவிடும். இத்தனை வருடம் இங்கேயே இருந்தும் பூதப்பாண்டியையும் தேரூரையும் நான் பேருந்து ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருந்தேன். இப்போது மாதத்தில் இரண்டு ஞாயிறாவது இந்தச் சுற்று. ஏறத்தாழ 35 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதரை.

சைக்கிள்

ஓட்டவும் பஞ்சர் ஒட்டவும் தெரியும் என்று எடுத்துக்கொள்கிறேன். மெல்லிய டயர் போட்ட ரோடு பைக் இந்த வழிக்கு வேண்டாம். சானல் (பாசனக் கால்வாய்) கரைகளில் ஜல்லியும் முள்ளும் உண்டு. 35 மில்லிமீட்டர் டயருள்ள ஹைபிரிட்தான் என் தேர்வு. ஏழு கியர் தாராளம்.

வழி

காலை ஐந்தரைக்கு வடசேரியில் கிளம்புங்கள். புத்தேரி, இறச்சகுளம் வழியாகப் பூதப்பாண்டி. பொதுவுடைமைத் தலைவர் ஜீவா 1907இல் பிறந்த ஊர். தாடகை மலை பக்கத்திலேயே நிற்கும். அங்கிருந்து கிழக்கே செண்பகராமன்புதூர், பிறகு தோவாளை. பூச்சந்தை விடியும் முன்பே கூடிவிடும் என்பதால் பிச்சியும் அரளியும் மூட்டை மூட்டையாகப் போவதைப் பார்க்க வேண்டுமானால் இன்னும் சீக்கிரம் கிளம்ப வேண்டும்.

ஊர்களுக்குள் வேகம் வேண்டாம். திருவிதாங்கூர் அரசுக்கு நெற்களஞ்சியமாக இருந்த மண் இது. 1906இல் முடிந்த பேச்சிப்பாறை அணையின் தண்ணீர் சானல் சானலாகப் பிரிந்து வந்து, கன்னிப்பூ, கும்பப்பூ என்று இரண்டு போகம் விளைகிறது. அந்தச் செழிப்பு வீடுகளில் தெரியும். ஒரு தெருவில் ஓட்டு வீடு ஒன்றின் முன் நின்றேன். எண்ணெய் போட்டுத் துடைத்த கதவில் பித்தளைக் குமிழ்கள், திண்ணையில் வழவழவென்று தேய்ந்த மரத்தூண், பக்கவாட்டில் வீட்டு உயரத்துக்கு வைக்கோல் படப்பு. அதன் அடுத்த வீடு மூன்று மாடிக் கான்கிரீட், வாசலில் இரண்டு கார். இரண்டுக்கும் பின்னால் ஒரே வயல்.

காற்று

இதைத்தான் யாரும் எனக்குச் சொல்லவில்லை. முதல் தடவை நான் போனது ஜூலையில். தோவாளை தாண்டி ஆரல்வாய்மொழி வரை சைக்கிள் தானாகவே ஓடியது. உடம்பு பழகிவிட்டது என்று நினைத்தேன். திரும்பியதும்தான் புரிந்தது, என்னைத் தள்ளிக்கொண்டு வந்தது காற்று. நாகர்கோவிலுக்கு 15 கிலோமீட்டர்தான், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆனது. நடுவில் இறங்கி உருட்டிக்கொண்டு நடந்தபோது டீக்கடைப் பெரியவர் ஒருவர், “ஆடிக்காத்துல எங்க மக்கா போறே? கொஞ்சம் இருந்துட்டுப் போ” என்று பெஞ்சைக் காட்டினார்.

தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிக் கணவாயில் நெருக்கிப் பிடித்துப் பாய்கிறது. முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். மேற்கிலிருந்து கிழக்கே அடிக்கும், ஆகவே போகும்போது சுகம், வரும்போது தண்டனை. ஜூன் முதல் செப்டம்பர் வரை போவதானால் ஆறரைக்குள் தோவாளையை விட்டுத் திரும்பிவிடுங்கள். வெயில் ஏற ஏறக் காற்றும் ஏறும்.

ஓர் அடையாளம் சொல்கிறேன். காற்றாலையின் முகம் எப்போதும் காற்று வரும் திசையைப் பார்த்திருக்கும். நீங்கள் அதை நோக்கிப் போகும்போது அது உங்களை நேராகப் பார்த்தால் காற்று உங்கள் முதுகில் இருக்கிறது. திரும்பும்போது அதே காற்று நெஞ்சில் அடிக்கும். அப்போது இரண்டு கியர் இறக்கி, உடம்பைக் குனித்து, காலை மட்டும் ஒரே சீராகச் சுற்றுங்கள். வேகத்தைப் பார்க்கவே வேண்டாம். வீட்டு மறைவு முடிந்து வயல்வெளி திறக்கும் இடத்தில் பக்கவாட்டுக் காற்று சட்டென்று தள்ளும். பெரிய சாலையில் லாரி வரும்போது அது ஆபத்து.

முதல் தடவைக்கு ஜனவரிதான் சரியான மாதம். கும்பப்பூப் பயிர் பச்சையாக நிற்கும், காற்றின் தொல்லையும் இருக்காது.

திரும்பும் வழி

தோவாளையிலிருந்து வெள்ளமடம் வந்ததும் நெடுஞ்சாலையை விட்டுத் தெற்கே இறங்கி, ஊர்ச் சாலைகளில் கேட்டுக் கேட்டுத் தேரூர் போங்கள். கவிமணி பிறந்த ஊர். 2022இல் சுசீந்திரம்–தேரூர் குளங்கள், உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. கரையில் பேசாமல் பத்து நிமிடம் நின்றால் நாரைகள் பக்கத்திலேயே வந்து இறங்கும். சுசீந்திரத்தின் ஏழு நிலைக் கோபுரம் வயலுக்கு அப்பால் தெரிந்ததும் வழி தவறாது. அங்கே நான்கு மட்டிப்பழம் சாப்பிட்டுவிட்டு மிச்ச தூரத்தை முடிக்கலாம்.

பின்சேர்க்கை: அறுப்புக் காலத்தில் போன இரண்டு பேர் கியர் இறுகி நின்றுவிட்டதாக எழுதியிருந்தார்கள். சாலையில் காயப்போட்ட வைக்கோல்தான் காரணம். பின்பக்கப் பல்சக்கரத்துக்கும் ஆரக்கம்பிகளுக்கும் நடுவே சுருண்டு கயிறு மாதிரி இறுகும். வைக்கோலைக் கண்டதும் இறங்கி, பின்சக்கரத்தைத் தூக்கிக்கொண்டு நடங்கள். நெல் காய்ந்தால் சுற்றிப் போங்கள், அதன் மேல் டயர் ஏறக் கூடாது. ஏற்கெனவே சிக்கியிருந்தால் மிதியைப் பின்னோக்கி மெதுவாகச் சுற்றி, ஒவ்வொரு இழையாகக் கையால் உருவுங்கள். பலமாக இழுத்தால் கியரைத் தாங்கும் கொக்கி வளைந்துவிடும்.