403 வந்ததும் எஸ்இலினக்ஸை அணைக்கிறீர்களா? ஆர்எச்சிஎஸ்ஏ எழுதப் போகிறவர்களுக்குச் சில எச்சரிக்கைகள்

எங்கள் அலுவலகத்தில் புதிதாகச் சேர்கிறவர்களில் சிலர் ரெட் ஹேட் நிறுவனத்தின் ஆர்எச்சிஎஸ்ஏ என்ற லினக்ஸ் நிர்வாகச் சான்றிதழ் தேர்வுக்குத் தயாராவார்கள். பயிற்சிக்குப் பெரும்பாலும் ஒரு அப்பாச்சி வெப் சர்வரைத்தான் எடுத்துக்கொள்வார்கள். நல்ல வழிதான். சர்வீஸ், போர்ட், ஃபயர்வால், ஃபைல் அனுமதி, அதற்கும் மேலே எந்த சர்வீஸ் எதைத் தொடலாம் என்று கட்டுப்படுத்தும் எஸ்இலினக்ஸ் என்ற பாதுகாப்பு அமைப்பு எல்லாம் அதற்குள்ளேயே வந்துவிடும். ஆனால் எங்கள் செட் அந்தக் காலத்தில் பண்ணிய அதே கோளாறுகளை இவர்களும் அச்சு அசலாகப் பண்ணுகிறார்கள். கான்ஃபிக் ஃபைலில் எழுத்துப் பிழை விடுவதையெல்லாம் இங்கே சொல்லப் போவதில்லை. அதைச் சர்வரே சொல்லிவிடும்.

கேள்வி-பதில் தேர்வுக்குப் படிப்பதுபோல் படிப்பது

எல்பிஐசி-2 என்ற இன்னொரு லினக்ஸ் சான்றிதழின் 202 தேர்விலும் அப்பாச்சி, எஞ்சின்எக்ஸ், ஸ்குவிட் போன்ற வெப் மென்பொருள்கள் உண்டு. அங்கே 90 நிமிடத்தில் 60 கேள்விகள். மனப்பாடம் ஓரளவு கைகொடுக்கும். ஆர்எச்சிஎஸ்ஏவில் உங்கள் முன்னால் இருப்பது ஒரு இயந்திரம். வேலையைச் செய்து காட்ட வேண்டும், 300க்கு 210 எடுக்க வேண்டும். இணையம் கிடையாது. இயந்திரத்தில் இருக்கும் மேன் பேஜ், அதாவது கட்டளைகளின் கையேடுதான் துணை. அதனால் வீட்டில் பயிற்சி செய்யும்போதே பிரவுசரை மூடிவிடுங்கள். எஸ்இலினக்ஸ் விதிகளை எழுத உதவும் செமனேஜ் கட்டளையின் மேன் பேஜ்களில் கடைசியில் இருக்கும் உதாரணங்கள் எங்கே என்று கண்ணுக்குப் பழகிவிட்டால் பாதி பயம் போய்விடும்.

எஸ்இலினக்ஸை அணைத்துவிட்டு நகர்வது

போன மாதம் ஒரு தம்பி, முகப்புப் பக்கத்தைத் தன் ஹோம் டைரக்டரியில் எழுதி, எம்வி கட்டளையால் வெப் டைரக்டரிக்கு நகர்த்தியிருந்தான். பிரவுசரில் 403, அதாவது 'அனுமதி இல்லை'. முதலில் 777 கொடுத்து எல்லோருக்கும் முழு ஃபைல் அனுமதி திறந்து பார்த்தான், அசையவில்லை. அப்புறம் செட்என்ஃபோர்ஸ் 0, எஸ்இலினக்ஸ் தடுப்பதைத் தற்காலிகமாக நிறுத்தும் கட்டளை. பக்கம் வந்துவிட்டது.

"வந்துடுச்சுண்ணா."

"சரி, ரீபூட் பண்ணு."

மறுபடி 403. இப்போதாவது யோசிப்பான் என்று பார்த்தால், எஸ்இலினக்ஸின் கான்ஃபிக் ஃபைலைத் திறந்து, எதையும் தடுக்காமல் பதிவு மட்டும் செய்யும் பெர்மிசிவ் நிலைக்கு மாற்றிவிட்டான். "இனிமே ரீபூட் பண்ணாலும் வரும்ணா!"

அவனைக் கோபித்துப் பயனில்லை. மென்பொருள் நிறுவும் குறிப்பு எதை எடுத்தாலும் முதல் வரியிலேயே 'எஸ்இலினக்ஸை அணைக்கவும்' என்று எழுதிவைத்திருக்கிறார்களே, அவர்கள் மேல்தான் எனக்கு இன்னும் எரிச்சல்.

அங்கே நடந்தது இவ்வளவுதான். எம்வி செய்தால் ஃபைல், எஸ்இலினக்ஸ் அதற்கு ஒட்டிய பழைய லேபிளையும் கூடவே கொண்டுவரும். ஊர் மாறிய பிறகும் ரேஷன் கார்டில் பழைய முகவரியே இருப்பதுபோல. ஹோம் டைரக்டரி லேபிள் ஒட்டிய ஃபைலை அப்பாச்சி படிக்க எஸ்இலினக்ஸ் விடாது, 777 இருந்தாலும் சரி. சிபி கட்டளையால் நகலெடுத்திருந்தால் போய்ச் சேர்ந்த இடத்தின் லேபிள் கிடைத்திருக்கும். எம்வி செய்துவிட்டாலும் இடத்துக்குரிய லேபிளை மறுபடி ஒட்டும் ரெஸ்டோர்கான் என்ற ஒரு வரி போதும்.

வெப் டைரக்டரியை வழக்கமான இடத்தில் வைக்காமல் புதிதாக ஒன்றை உருவாக்கினால் அந்த ஒரு வரி போதாது. முதலில் செமனேஜ் எஃப்கான்டெக்ஸ்ட் மூலம் விதியை எழுத வேண்டும், அப்புறம் ரெஸ்டோர்கான். விதியை மட்டும் எழுதிவிட்டு, ஃபைல் மாறவில்லையே என்று முழிக்கிறவர்கள் நிறைய. சிலர் குறுக்கு வழியாக, விதி எழுதாமல் லேபிளை மட்டும் மாற்றும் சிஎச்கான் போடுவார்கள். அது ரீபூட்டில் போகாது, அதுதான் ஆளை ஏமாற்றும். என்றைக்காவது யாராவது ரெஸ்டோர்கான் ஓட்டினால் காணாமல் போய்விடும்.

போர்ட்டிலும் இதே கதை. அப்பாச்சியை 82இல் கேட்கச் சொன்னால், ரூட்டாக இருந்து ஸ்டார்ட் செய்தாலும் 'பெர்மிஷன் டினைடு' என்று விழும். 80, 443, 8008, 8443 போன்றவைதான் வெப் சர்வருக்கென்று ஏற்கெனவே குறித்துவைத்த போர்ட்கள். 82ஐ செமனேஜ் போர்ட் கட்டளையால் நாம்தான் சேர்க்க வேண்டும்.

சந்தேகத்தைத் தீர்த்துக்கொள்ள ஒரு நிமிடம் செட்என்ஃபோர்ஸ் 0 போடுவதில் தப்பில்லை. பக்கம் வந்தால் குற்றவாளி யார் என்று தெரிந்துவிட்டது. உடனே 1க்குத் திரும்பி ஆடிட் லாகைப் பாருங்கள். எந்த லேபிள், எந்த போர்ட் என்று அதிலேயே இருக்கும்.

எஸ்இலினக்ஸை அணைத்தால் தேர்வில் மார்க்தான் போகும், வேலையில் இன்னும் மோசம். எஸ்இலினக்ஸை முழுக்க அணைத்துவைத்திருந்த காலத்தில் உருவான ஃபைல்களுக்கு லேபிளே இருக்காது. முன்பு வேலை பார்த்த ஓர் இடத்தில் அப்படி ஒரு சர்வர் என் தலையில் விழுந்தது. ஆடிட்டில் எஸ்இலினக்ஸை இயக்கச் சொன்னார்கள். டிஸ்க் முழுவதற்கும் புதிதாக லேபிள் ஒட்டாமல் இயக்கினால் எந்த சர்வீஸ் எழும், எது விழும் என்று சொல்ல முடியாது. அந்த இயந்திரத்தை ரீபூட் செய்ய யாருக்கும் தைரியம் வரவில்லை.

ஸ்டார்ட் செய்துவிட்டு எனேபிள் செய்யாதது

ஸ்டார்ட் இப்போதைக்கு மட்டும்தான், எனேபிள் செய்தால்தான் ரீபூட்டுக்குப் பிறகும் சர்வீஸ் தானாக எழும். எனேபிளோடு நவ் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒரே கட்டளையில் இரண்டும் முடியும்.

ஃபயர்வாலில் பெர்மனன்ட்

ஃபயர்வால் விதியில் பெர்மனன்ட் போடாவிட்டால் அது ரீபூட்டில் போய்விடும். போட்டுவிட்டு ரீலோடு செய்யாவிட்டால் இப்போதைக்கு வேலை செய்யாது.

எஃப்எஸ்டேப்பைத் திருத்திவிட்டு நேரே ரீபூட் செய்வது

இதற்கும் வெப் சர்வருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். எஃப்எஸ்டேப் என்பது இயந்திரம் எழும்போது எந்த டிஸ்க்கை எங்கே இணைக்க வேண்டும் என்று சொல்லும் ஃபைல். அதில் ஒரு வரி தப்பினால் இயந்திரம் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும், நீங்கள் அழகாகக் கட்டிய அப்பாச்சியும் அதற்குள்ளேயே கிடக்கும். செய்தவை எல்லாம் ரீபூட்டுக்குப் பிறகும் தானாக நிற்க வேண்டும் என்பது ரெட் ஹேட்டே சொல்லும் விதி. மவுன்ட் மைனஸ் ஏ போட்டுப் பார்த்துவிட்டு ரீபூட் செய்யுங்கள். அதையும் கடைசி ஐந்து நிமிடத்துக்கு ஒத்திப்போடாதீர்கள்.

டம்ப்ஸ் (கசிந்த தேர்வுக் கேள்விகள்) வாங்குவது

வேண்டாம்.

சர்வருக்குள்ளேயே இருந்து சோதிப்பது

அதே இயந்திரத்தில் கர்ல் (பக்கத்தைக் கேட்டு வாங்கும் கட்டளை) அடித்து, பக்கம் வந்ததும் அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள். லோக்கல்ஹோஸ்டுக்குப் போகும் கோரிக்கையை ஃபயர்வால் தடுக்காது, போர்ட்டைத் திறக்காவிட்டாலும் பக்கம் வரும். பக்கத்து இயந்திரத்திலிருந்து, ரீபூட்டுக்குப் பிறகு, எஸ்இலினக்ஸ் நிலையைச் சொல்லும் கெட்என்ஃபோர்ஸ் 'என்ஃபோர்சிங்' என்று காட்டும் நிலையில் கர்ல் அடியுங்கள். அப்போதும் பக்கம் வந்தால் அடுத்த கேள்விக்குப் போகலாம்.