கழுத்துத் தமனிப் படிவை எம்ஆர்ஐயில் எடுப்பதும் படிப்பதும்

மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் கழுத்துத் தமனியின் உள்சுவரில் கொழுப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து தடிப்பதுதான் படிவு. அதனால் குழாய் எத்தனை சதவீதம் அடைத்திருக்கிறது என்பதை டாப்ளரே (ரத்த ஓட்டத்தைக் காட்டும் அல்ட்ராசவுண்ட்) சொல்லிவிடும். அடைப்புக்குள் என்ன இருக்கிறது என்று பார்க்கத்தான் எம்ஆர்ஐ. பாதிதான் அடைத்திருக்கிறது என்று விட்டுவிடும் படிவுக்குள்ளும் ரத்தக்கசிவு இருக்கலாம். பக்கவாத ஆபத்தைக் கூட்டுவது அதுதான்.

ஆளைத் தயார்படுத்துதல்

பேஸ்மேக்கர், காதுக்குள் வைத்த கருவி, மூளையில் போட்ட கிளிப் இருக்கிறதா என்று எல்லாரிடமும் கேட்பீர்கள். பெங்களூரில் இன்னொன்றையும் கேளுங்கள்: பீன்யா தொழிற்பேட்டைப் பக்கம் லேத், கிரைண்டிங் வேலை பார்த்தவரா? கண்ணில் எப்போதாவது இரும்புத்தூள் பாய்ந்ததா? ஆமாம் என்றால் முதலில் கண்ணுக்கு எக்ஸ்ரே. உள்ளே தங்கிய துகளைக் காந்தம் இழுத்தால் பார்வையே போகலாம். காடோலினியம் (படத்தில் திசுவை வெளுத்துக் காட்ட ஊசியில் ஏற்றும் மருந்து) போட வேண்டியிருந்தால், சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று அறிய ரத்தத்தில் கிரியாட்டினின் பாருங்கள். அதிலிருந்து கணக்கிடும் இஜிஎஃப்ஆர் (சிறுநீரகம் ரத்தத்தை வடிகட்டும் வேகம்) 30-க்குக் கீழே என்றால் ரேடியாலஜிஸ்ட்டைக் கேட்காமல் ஊசி வேண்டாம்.

படுக்க வைத்தல்

காந்தத்தின் வலிமை 3 டெஸ்லா இருந்தால் நல்லது, 1.5-இலும் எடுக்கலாம். கழுத்தின் இரு பக்கமும் கரோடிட் காயில் (கழுத்துத் தமனிக்கென்று உள்ள சிக்னல் வாங்கி), அசையாமலிருக்கத் தாடையோரம் ஸ்பாஞ்ச். தமனிச் சுவரின் தடிமன் ஒரு மில்லிமீட்டர் அளவுதான். ஒருமுறை எச்சில் விழுங்கினாலே படம் கலங்கிவிடும். ஸ்கேன் வீணாவது பெரும்பாலும் இதனால்தான். அல்சூரிலிருந்து வரும் பாட்டிக்கு அவர் பேச்சிலேயே சொல்லுங்கள்: "சத்தம் வர்றப்ப முழுங்காதீங்க பாட்டி, நின்னதும் முழுங்கிக்கோங்க."

எடுத்தல்

ஒவ்வொரு வகைப் படமெடுப்பும் ஒரு சீக்வென்ஸ். முதலில் டிஓஎஃப் (ஓடும் ரத்தத்தை வெளுப்பாகக் காட்டுவது). தமனி இரண்டாகப் பிரியும் இடத்தை அதில் கண்டுபிடித்து, அதை நடுவாக வைத்துக் குழாய்க்குக் குறுக்கே 2 மி.மீ. ஸ்லைஸ் போடுங்கள், பிக்சல் 0.5 முதல் 0.6 மி.மீ. பிறகு கொழுப்பின் சிக்னலை அடக்கி, பிளாக் பிளட் முறையில் (ஓடும் ரத்தத்தைக் கருப்பாக்கிச் சுவரை மட்டும் காட்டுவது) டி1, டி2 என்ற இரண்டு வகைப் படங்கள். கடைசியாக, ரத்தக்கசிவைக் காட்டுவதற்கென்று எம்பிரேஜ் என்ற சீக்வென்ஸ்.

பிரியும் இடத்தில் குழாய் சற்றே உப்பியிருக்கும். அங்கே ரத்தம் சுழன்று மெதுவாக ஓடுவதால் பிளாக் பிளட் படத்தில் கருப்பாகாமல் தங்கி, படிவு போலவே தெரியும். ஒரே சீக்வென்ஸில் மட்டும் தெரிவதை நம்பாதீர்கள்.

படித்தல்

பக்கத்தில் உள்ள கழுத்துத் தசையோடு ஒப்பிடுங்கள். எம்பிரேஜில் தசையைவிட ஒன்றரை மடங்குக்கு மேல் வெளுத்திருந்தால் கசிவு. உறைந்த ரத்தத்தில் உண்டாகும் மெத்ஹீமோகுளோபின்தான் காரணம். எல்லாப் படத்திலும் கருப்பாக இருப்பது சுண்ணாம்பு. படிவின் நடுவிலுள்ள கொழுப்புக் கரு டி2-இல் கருமையாகத் தெரியும், காடோலினியம் போட்டிருந்தால் அதை ஏற்று வெளுக்காது. கருவை மூடியிருக்கும் நார்ப்படலம் ஏற்று, வெளுத்த கோடாகத் தெரியும். அந்தக் கோடு அறுந்திருந்தால் கவலைப்பட வேண்டிய படிவு.

புதிய கசிவு டிஓஎஃப்பிலும் வெளுப்பாக வரும். அதை ஓடும் ரத்தம் என்று எண்ணிவிட்டால் அடைப்பு குறைவாகத் தோன்றும், ஆகவே குழாயின் உள்விட்டத்தை பிளாக் பிளட் படத்தில் சரிபாருங்கள். கொழுப்பு சரியாக அடங்காத மூலைகளும் இதேபோல் ஏமாற்றும்.

அறிக்கையில் எந்தப் பக்கம், பிரியும் இடத்திலிருந்து எத்தனை மி.மீ., அடைப்புச் சதவீதம், கசிவு உண்டா, படலம் முழுதாக இருக்கிறதா என்று எழுதுங்கள். சுவரின் வெளிக்கோடு தெரியவில்லையென்றால் ஊகித்து எழுதாமல், ஆளை இறக்குவதற்கு முன்பே அந்த ஒரு சீக்வென்ஸை மட்டும் திரும்ப எடுங்கள்.