விளையாட்டு மருத்துவம் படிக்க ஆசையா? முதலில் மைதானத்துக்குப் போங்கள்

விளையாட்டு மருத்துவத்துக்கு வர வேண்டும் என்று யாராவது என் முன்னால் வந்து நின்றால், மார்க்கைப் பற்றி நான் கேட்பதில்லை. "ஒரு டீமோடு எத்தனை நாள் மைதானத்தில் நின்றிருக்கிறாய்?" என்றுதான் கேட்பேன். பெரும்பாலும் பதில் இருக்காது. சரி, அங்கிருந்தே தொடங்கலாம்.

ஏதாவது ஒரு டீமின் பிசியோதெரபிஸ்டிடம் கேட்டுக்கொண்டு ஒரு சீசன் முழுக்க அவர் கூடவே நில்லுங்கள். ஐஸ் பெட்டி தூக்குங்கள், டேப் வெட்டிக் கொடுங்கள். பந்தை மற்றவர்கள் பார்க்கட்டும், நீங்கள் ஆட்களைப் பாருங்கள். எம்பிக் குதித்துத் தரையில் இறங்கும்போது யாருடைய முட்டி உள்பக்கமாகச் சாய்கிறது என்பது பத்து மேட்சுக்குள் கண்ணில் படத் தொடங்கும். முழங்காலுக்குள் தொடை எலும்பையும் கீழ்க்கால் எலும்பையும் பிணைக்கும் ஏசிஎல் ஜவ்வு பல நேரம் யாரும் மோதாமலே, அப்படி இறங்கும்போதுதான் கிழிகிறது.

படிப்பு நாட்டுக்கு நாடு மாறும். டாக்டராக வேண்டுமென்றால் முதலில் மருத்துவப் பட்டம், அப்புறம் சிறப்புப் பயிற்சி. அமெரிக்காவில் குடும்ப மருத்துவம் போன்ற ஒரு துறையில் ரெசிடென்சி என்னும் மருத்துவமனைப் பயிற்சியை முடித்துவிட்டு, அதற்குமேல் விளையாட்டு மருத்துவத்தில் ஃபெலோஷிப் என்னும் மேல்பயிற்சி செய்கிறார்கள். பிரிட்டனில் 2005 முதல் இது தனிச் சிறப்புத் துறை. எப்படிக் கூட்டினாலும் பத்து வருடம் ஆகிவிடும். பிசியோதெரபி இன்னொரு வழி. டாக்டர் சீட் கிடைக்காதவர்கள் எடுக்கும் படிப்பு என்று அதை யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அடிபட்டவரோடு தினமும் இருந்து, மாதக்கணக்கில் உழைத்து, அவரைத் திரும்ப ஓட வைப்பவர் பிசியோதான். ஆபரேஷன்தான் பிடிக்கும் என்றால் எலும்பு அறுவைச் சிகிச்சைப் பக்கம் போங்கள். நாங்கள் பார்க்கிற காயங்களில் பெரும்பாலானவற்றுக்குக் கத்தியே தேவைப்படாது.

கையைப் பழக்குங்கள். ஏசிஎல் கிழிந்திருக்கிறதா என்று கையாலேயே பார்க்கும் லாக்மன் சோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். ஆளை மல்லாக்கப் படுக்க வைத்து, முழங்காலை 20 முதல் 30 டிகிரி வரை மடக்கி, ஒரு கையால் தொடையை இறுக்கிப் பிடித்து, மறு கையால் கீழ்க்காலை முன்னால் இழுக்க வேண்டும். ஜவ்வு நன்றாக இருந்தால் கயிறு இறுகுவதுபோல 'டக்'கென்று நிற்கும். கிழிந்திருந்தால் அந்த 'டக்' வராது. நல்ல காலை முதலில் இழுத்துப் பாருங்கள், அதுதான் அளவுகோல். வீக்கம் ஏறி, தசை விறைத்துக்கொண்ட பிறகு இது சரியாகத் தெரியாது. அதனால்தான் அடிபட்ட அந்தச் சில நிமிடங்களில் கோட்டோரம் நிற்பவர் கைக்கு அத்தனை மதிப்பு.

தலையில் அடி என்றால் இன்னும் கண்டிப்பாக இருக்க வேண்டும். ஆரம்ப நாட்களில், தலை மோதி விழுந்த ஒரு பெண்ணிடம் ஸ்கோர் கேட்டேன். சரியாகச் சொன்னாள். "பத்து நிமிஷம்தான் மேடம், விடுங்க" என்று கெஞ்சினாள், விட்டேன். கொஞ்ச நேரத்தில் மைதானத்திலேயே வாந்தி எடுத்தாள். நல்லவேளை, குணமானாள். மூளை அதிர்ச்சியின் அறிகுறிகள் தாமதமாகவும் வரலாம். சந்தேகம் வந்துவிட்டால் அன்றைக்கு ஆட்டம் கிடையாது என்பதுதான் விதி. கோச் கத்தினாலும், ஆடுபவர் அழுதாலும் "முடியாது" என்று சொல்லப் பழகுங்கள். எனக்கு அது எந்தப் பாடத்தையும்விடக் கடினமாக இருந்தது.

பட்டம் வரும்வரை காத்திருக்காமல் இந்த மாதமே சிபிஆர் (நின்ற இதயத்துக்காக மார்பை அழுத்துவது), டிஃபிப்ரிலேட்டர் (இதயத்துக்கு மின் அதிர்ச்சி தரும் கருவி) பயிற்சியில் சேர்ந்துவிடுங்கள். 2021 ஜூன் 12 அன்று கோபன்ஹேகனில் ஆட்டத்தின் நடுவே டென்மார்க் கால்பந்து வீரர் கிறிஸ்டியன் எரிக்சனின் இதயம் நின்றபோது, புல்தரையிலேயே அந்த இரண்டையும் செய்துதான் அவரை மீட்டார்கள். அவர் மறுபடி பந்தும் ஆடினார்.

மருந்து எழுதும் நிலைக்கு வந்ததும், ஊக்கமருந்துத் தடைப் பட்டியலை ஒவ்வொரு ஜனவரியிலும் புதிதாகப் படியுங்கள், அது வருடாவருடம் மாறும். மூக்கடைப்புக்குத் தருகிற சூடோஎஃபெட்ரின்கூட, போட்டி நேரத்தில் அளவு மீறினால் ஆடுபவரை மாட்டிவிடும்.

அப்புறம் ஒரு நோட்டு வாங்குங்கள். மைதானத்தில் நீங்கள் என்ன காயம் என்று நினைத்தீர்களோ, அதை அங்கேயே எழுதுங்கள். ஸ்கேன் என்ன சொன்னது என்பதைப் பிறகு கேட்டுத் தெரிந்துகொண்டு, அதற்கு எதிரே எழுதுங்கள்.